மெஷினுக்குத் தெச்ச உறை

பாத்து ஏறுங்க சார். மூணாவது படி ஆடும். வெல்டிங்கு உட்டுப்போச்சி, பஞ்சாயத்துல சொல்லிச் சொல்லி எனக்கு வாயி வலிச்சதுதான் மிச்சம். அந்தக் கம்பியப் புடிச்சிக்குங்க. ம், அவ்வளவுதான். இதுதான் மோட்டார் ரூமு மாடி. அதோ நிக்கிது பாருங்க உங்க மெஷினு.

வண்டி எப்ப வரும்னீங்க? அஞ்சு மணிக்கா. அப்ப இன்னும் நேரம் கெடக்குது. இத அவுக்கறதுக்கு அர மணி போதும். நாலே நாலு போல்ட்டு, நான்தான் முடுக்கினன், எனக்குத் தெரியாதா. அங்க செவுத்து நெழலுல ஒக்காருங்க. தண்ணி குடிங்க. நான் தொறந்து உடற தண்ணிதான், பயப்படாம குடிக்கலாம்.

எம் பேரு கொளஞ்சி. இந்த ஊருக்கு இருவத்திரெண்டு வருசமா தண்ணி தொறந்து உடறன். உங்க ஆபீசுல என்னப் பத்தி என்னா சொல்லி அனுப்பினாங்கன்னு தெரியாது. நல்லபடியா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க. பரவாயில்ல. நான் சொல்றன், கேட்டுக்குங்க.

அதோ அந்த டேங்கு, முப்பதாயிரம் லிட்டரு. என் வேல என்னான்னு கேட்டா தண்ணி தொறந்து உடறதும்பாங்க. தப்பு சார். தொறக்கறதுக்கு ஒரு நிமிசம் ஆவுமா? மூடி வைக்கிறதுதான் என் வேல. நான் வேலக்கிச் சேந்த புதுசுல ஒரு நாளு மேல போயி மூடிய மூட மறந்துட்டன். காக்கா ஒண்ணு உள்ள உழுந்து செத்து ஊறிக் கெடந்திச்சி. மூணு நாளு யாருக்கும் தெரியல. அப்பறம் பாத்தா கெழக்குத் தெருவுல நாப்பது பேருக்கு வாந்தி பேதி. ஒவ்வொரு ஊட்டு வாசல்லயும் போயி நின்னு கையெடுத்துக் கும்புட்டுட்டு வந்தன். அன்னையிலேருந்து நான் எதையும் தொறந்து போடறதில்ல. டேங்கா, கொடமா, சோத்துக் குண்டானா, எதுவா இருந்தாலும் மூடிட்டுத்தான் மறுவேல. பூங்காவனம் கிண்டல் பண்ணுவா. "தூங்கறப்ப உன் வாய மட்டும் ஆன்னு தொறந்து போட்டுக்கற, அதுக்கும் ஒரு மூடி செஞ்சி வச்சிக்க"ம்பா.

பூங்காவனம் எங்கூட்டுக்காரி. இப்ப இல்ல.

அவளுக்கு வீசிங்கு சார். மூச்சிழுப்பு. மத்த நாள்ல ஒண்ணும் தெரியாது, நம்மள மாதிரிதான் இருப்பா, நூறு நாள் வேலக்கிப் போவா, சண்ட போடுவா. தை பொறந்தாத்தான் அவளுக்குச் சனி புடிக்கும். தையிலதான் எங்க பக்கம் கரும்பு வெட்டு. வெட்டினதும் கரும்பு மில்லுக்குப் போயிடும், சோகை கொல்லையிலயே கெடக்கும். சோகைன்னா காஞ்ச எலை சார், மொழங்கால் ஒசரத்துக்குக் கெடக்கும். அத அள்ளறதுக்கு ஆளு எங்க இருக்குது? சாயங்காலமா காத்து அடங்கினதும் ஒரு தீக்குச்சியக் கிழிச்சிப் போட்டுட்டுப் போயிடுவாங்க. அடுத்த பயிருக்குத் தண்ணி பாய்ச்சணுமில்ல. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. இது போதாதுன்னு மாசியில மேக்கால கல்ராயன் மலையில காடு புடிச்சிக்கும். மேலேருந்து மலைப்பொக எறங்கும், கீழேருந்து கொல்லைப்பொக ஏறும். ரெண்டுக்கும் நடுவுல எங்க ஊரு. கொடியில காயப்போட்ட துணியெல்லாம் கரிக்கோடு கோடா இருக்கும். வாயில வச்சி இழுக்கிற பம்பு ஒண்ணு டாக்டரு எழுதிக் குடுத்திருந்தாரு. மத்த மாசத்துல ஒரு பம்பு ரெண்டு மாசம் வரும். மாசியில பத்து நாளு தாங்காது.

இந்த நெலமையிலதான் போன புரட்டாசியில மெர்லின் மேடம் வந்தாங்க. உங்களுக்கு மின்னாடி இருந்தவங்க, தெரியும் இல்ல? நாகர்கோயிலுக்காரங்க. பேச்சே பாட்டு மாதிரி இருக்கும். அவங்கதான் இந்த மெஷின இங்க வச்சாங்க. "ஐயா, இது காத்த உள்ள இழுக்கும். உங்க ஊருல ஒரு ஆளு ஒரு நாளைக்கி எவ்வளவு பொகையச் சுவாசிக்கிறாங்கன்னு இது கணக்கா சொல்லிடும். ஒரு வருசம் ஓடணும். நம்பரு அதிகமா வந்திச்சின்னா சோகைய எரிக்கக் கூடாதுன்னு உத்தரவு வரும், சோகையத் தூளாக்கற மெஷின கவர்மெண்டே குடுக்கும்" அப்பிடின்னாங்க. நான் ஊட்டுக்கு வந்து பூங்காவனத்துக்கிட்ட சொன்னன். அவ அடுப்புல பால வச்சிட்டு அப்பிடியே நின்னுட்டா. "அந்த மெஷினு சொன்னா நிறுத்திடுவாங்களா?" ன்னு கேட்டா. "நிறுத்திடுவாங்களாம்" ன்னன். "மெஷினு சொன்னாத்தான் கேப்பாங்களா, நான் பத்து வருசமா இழுத்துக்கிட்டுக் கெடக்கறது போதாதா" ன்னா. அப்பறம் என்னா நெனச்சாளோ, "நீ போயி அந்த வேலய ஒத்துக்க" ன்னா.

அப்பிடித்தான் நான் ஒத்துக்கிட்டன். அவளுக்காகத்தான்.

வேல ஒண்ணும் பெருசில்ல. காலையில ஆறு மணிக்கி ஏறி வந்து, மேல கொடை மாதிரி ஒரு தொப்பி இருக்குது பாருங்க, அதத் தூக்கிட்டு, உள்ள இருக்கற வட்ட பேப்பர இடுக்கியால எடுக்கணும். கையால தொடக் கூடாது. கவருல போட்டு தேதி எழுதணும். புது பேப்பர வச்சி மூடணும். வாரத்துக்கு ஒரு தரம், சனிக்கெழம, மேடம் வந்து எல்லாக் கவரையும் வாங்கிட்டுப் போவாங்க. இன்னும் என்னென்னமோ வெளக்கினாங்க. பாதி இங்கிலீசு. நான் தலைய ஆட்டினன். எனக்கு மோட்டாரு தெரியும் சார். மோட்டாரு தண்ணிய இழுக்கற எடத்துல ஒரு வடிகட்டி இருக்கும். அது அழுக்கு ஏறிப்போச்சின்னா மோட்டாரு தெணறும், சூடாவும், ஒரு நாளு காயிலு பொகஞ்சிடும். இதுவும் அதே கததான்னு பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிபோச்சி. பேப்பருதான் வடிகட்டி. உள்ள இருக்கற பொட்டிதான் நம்பரு எழுதற மூள. மேடம் போறப்ப, "ஐயா, தூசி அழுக்கு படாம பாத்துக்குங்க, வெல ஒசந்த மெஷினு" ன்னு சொல்லிட்டுப் போனாங்க. என் மனசுல அந்த ஒரு வார்த்த ஆணி அடிச்ச மாதிரி நின்னுபோச்சி.

ஐப்பசி, காத்திக ஒண்ணும் பிரச்சன இல்ல. நல்ல மழ. தை மொத வாரத்துல சாரங்கபாணி கொல்லையில மொதத் தீ வச்சான். சாரங்கபாணி எங்கூட்டுக்குப் பின்னாடி எட்டு ஏக்கரு கரும்பு வச்சிருக்கறவன். அடுத்த நாளு காலையில பேப்பர எடுக்கறன் சார், அட்டக்கரி. சட்டி அடி மாதிரி. உள்ள மோட்டாரு வேற ஒரு மாதிரி இழுத்துக்கிட்டு ஓடுது. பூங்காவனம் இழுப்பா பாருங்க, அதே சத்தம். இப்பிடியே நாலு நாளு ஓடினா இது காயிலு போயிடும், மெஷினு செத்துப்போனா உத்தரவு எங்கேருந்து வரும்? மொத நாளே இப்பிடின்னா மாசி வரைக்கும் இது எப்பிடித் தாங்கும்? எனக்குச் சோறு எறங்கல.

அப்பறம்தான் யோசன வந்திச்சி. ஒரு உறை தெச்சிப் போட்டுட்டா?

பூங்காவனத்துக்கிட்ட சொன்னன். என் பழய வேட்டி ரெண்டு எடுத்தா. உள்ளுக்கு ஒண்ணு, வெளிக்கு ஒண்ணு, நடுவுல யூரியா சாக்கு. கையாலயே தெச்சா சார், மெஷினெல்லாம் எங்ககிட்ட ஏது. கழுத்துக்கிட்ட இறுக்கிக் கட்டறதுக்கு நாடா வச்சா. தெக்கறப்ப ஒண்ணு கேட்டா பாருங்க. ஊசியில நூலக் கோத்துக்கிட்டே, "ஏன்யா, இத மாட்டிக் கட்டிட்டா அது எப்பிடி மூச்சி வுடும்?" ன்னா. நான் சிரிச்சிட்டன். "அடியே, மெஷினுக்கு ஏதுடி மூச்சி, அது என்னா உன்ன மாதிரி வீசிங்கு வந்ததா" ன்னன். அவளும் சிரிச்சா. சிரிச்சி அது இருமல்ல போயி முடிஞ்சிது.

நல்ல உறை சார். அவ்வளவு பொருத்தம். அன்னையிலேருந்து எங்க பொக தெரிஞ்சாலும் சரி, சோறு தின்னுகிட்டு இருந்தாலும் கையக் கழுவிட்டு ஓடியாந்து மாட்டிடுவன். பொக அடங்கினதும் எடுத்துடுவன். சனிக்கெழம மேடம் வரதுக்கு மின்னாடி எடுத்து மடிச்சி மோட்டார் ரூமுக்குள்ள வச்சிடுவன். ஊட்டுக்கு விருந்தாளி வந்தா கட்டில்ல கெடக்கற பழய துணிய எடுத்து உள்ள போடுவம் இல்ல, அது மாதிரிதான். மெஷினு பளபளன்னு நிக்கும். மேடமே ஒரு தரம் சொன்னாங்க, "நாப்பது ஊருல வச்சிருக்கோம் ஐயா, நீங்க வச்சிருக்கற மாதிரி யாரும் சுத்தமா வச்சிக்கல" ன்னு. அன்னைக்கி நான் பூங்காவனத்துக்கு அல்வா வாங்கிட்டுப் போனன். பேப்பரும் அப்பிடித்தான். சுத்திலும் பத்து ஏக்கரு எரிஞ்ச மறுநாளும் தும்பப்பூ மாதிரி வெள்ளையா வரும். ஒவ்வொரு பேப்பரையும் கவருல போடறப்ப எனக்கு அவ்வளவு சந்தோசம்.

மாசி இருவத்தாறு. இங்கிலீசுக்கு மார்ச்சு பத்து.

அஞ்சு நாளா மலையில காடு எரிஞ்சிகிட்டு இருந்திச்சி. ஆறாவது நாளு அது. சாயங்காலம் நாலு மணி இருக்கும், சாரங்கபாணி தெக்காலக் கொல்லையில தீ வச்சிட்டான். வடக்கால இன்னொருத்தன் வச்சிட்டான். எதிர் ஊடு தெரியல சார். பூங்காவனத்துக்குக் காலையிலேருந்தே முடியல. பம்ப உதறி உதறி இழுத்தா, அதுலயும் ஒண்ணும் வரல. நான் துண்ட நனச்சி அவ மூக்கு மேல போட்டன், அவ எடுத்துக் கீழ போட்டா. மறுபடியும் போட்டன், மறுபடியும் எடுத்துட்டா. ஜன்னல் கதவெல்லாம் சாத்தினன். ஆம்புலன்சுக்குப் போனு பண்ணன், வரோம்னாங்க. அப்பத்தான் எனக்கு மெஷினு நெனப்பு வந்திச்சி. "பூங்காவனம், வண்டி வரதுக்குள்ள ஓடிப்போயி மெஷின மூடிட்டு வந்துடறன்"னன். அவளால பேச முடியல. கைய ஆட்டினா. போன்னு ஆட்டினா.

பத்து நிமிசம் சார். பத்தே நிமிசம். அன்னைக்கிக் காத்து வேற, உறைக்கு மேல ஒரு தார்ப்பாயையும் போட்டுக் கயித்தால சுத்திக் கட்டினன். திரும்பி வரன், அவ நடுவூட்டுலேருந்து வாசப்படி வரைக்கும் தவழ்ந்து வந்து கதவத் தொறந்துட்டு படியில தலைய வச்சிக் கெடக்கறா. கண்ணு தொறந்துதான் இருக்குது. ஆம்புலன்சு பொகையில வழி தெரியாம ஏரிக்கரையில நின்னுகிட்டு இருந்திச்சாம். சாரங்கபாணிதான் கார எடுத்தாந்தான். தீய அப்பிடியே உட்டுட்டு ஓடியாந்தான், பொய் சொல்லக் கூடாது. எம் மடியிலதான் அவ தலைய வச்சிருந்தன். சங்கராபுரம் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள அடங்கிப்போச்சி. அந்த இழுப்புச் சத்தம் நின்னதும், அப்பாடா, கொறஞ்சிடுச்சின்னு நெனச்சன் சார். சாரங்கபாணிதான் கண்ணாடியில பாத்துட்டு வண்டிய ஓரமா நிறுத்தினான்.

காரியம் முடிஞ்சி பதினேழாவது நாளு நான் திரும்ப ஏணி ஏறிட்டன். அதுவரைக்கும் தம்பி மவன் பேப்பரு மாத்தினான், உறையையும் மறக்காம மாட்டச் சொல்லித்தான் வச்சிருந்தன். அவ போயிட்டா, சரி. அவ கேட்ட அந்த நம்பராவது வரட்டும். இன்ன தேதி, இவ்வளவு பொக, அதுலதான் பூங்காவனம் செத்தான்னு ஒரு காகிதத்துல எழுதிக் குடுத்துட்டாங்கன்னா போதும். எனக்கு வேற என்னா வேணும்? அவ என்னத்துல செத்தான்னு ஊருக்குத் தெரியணும்.

வைகாசியில பெரிய ஆபீசுல ஊருக்காரங்களையும் கூப்புட்டுக் கூட்டம் போட்டாங்க. வெள்ளச்சட்ட போட்டுகிட்டு மொத ஆளாப் போயி ஒக்காந்தன். செவுத்துல படம் காட்டினாங்க. கோடு ஒண்ணு போவுது. புரட்டாசி, ஐப்பசி, காத்திக, கொஞ்சம் மேல கீழ. தையில ஒரே ஒரு நாளு தென்னமரம் மாதிரி ஒசரமா ஏறிச்சி. அதுக்கப்பறம் தரையோட தரையாப் படுத்துகிச்சி. மாசி பூரா. மழக்காலத்த விட மாசியிலதான் எங்க ஊருக் காத்து சுத்தமா இருந்திச்சாம். ஆபீசரு மேடத்தப் பாக்கறாரு, மேடம் என்னப் பாக்கறாங்க. நான் எழுந்துரிச்சி, "ஐயா, மாசி இருவத்தாறுக்கு என்னா நம்பருன்னு பாத்துச் சொல்லுங்க" ன்னன். பாத்தாங்க. வருசத்துலயே அன்னைக்கித்தான் ரொம்பக் கம்மியாம்.

சாரங்கபாணி எழுந்துரிச்சான். "கொளஞ்சி, நீ பிடிச்ச பீடியில அவ செத்தா. எங்க சோகை மேல பழிய போடாத"ன்னான். எல்லார் எதிர்லயும். நான் பீடிய உட்டு ஆறு வருசம் ஆவுது. அவ காலு மேல கைய வச்சி சத்தியம் பண்ணிட்டு உட்டன். ஆனா அதுக்கு மின்னாடி பிடிச்சது பிடிச்சதுதானே. தலையத் தொங்கப் போட்டுகிட்டு ஒக்காந்துட்டன். ரெண்டு மாசமா தெனமும் அதையேதான் யோசிக்கறன். நான்தான் அவளக் கொன்னுட்டனா சார்?

வெளிய வந்ததும் மேடம் கேட்டாங்க. "ஐயா, மெஷின நிறுத்தினீங்களா? யாராவது நிறுத்தச் சொன்னாங்களா?" ன்னு. "பூங்காவனத்து மேல ஆணையா ஒரு நிமிசம் நிறுத்தல மேடம்" னன். நிறுத்தலியே. ராப்பகலா ஓடிச்சி. அவங்க அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல. அழுதுட்டாங்க. அப்பறம் அவங்களையும் வேற ஊருக்கு மாத்திட்டாங்களாம். இப்ப நீங்க அவுக்க வந்திருக்கீங்க.

என் கோவமெல்லாம் இந்த மெஷினு மேலதான் சார். எம் பொண்டாட்டிய உட்டுட்டு ஓடியாந்து இதக் காப்பாத்தினன். இது ஒரு வார்த்த உண்மையச் சொல்லல.

சரி, உடுங்க. ஒங்களுக்கு ஒண்ணு தரணும்னு எடுத்தாந்தன். இந்தாங்க. இதுதான் அந்த உறை. இதையும் எடுத்துட்டுப் போங்க, அடுத்த ஊருல மாட்டறப்ப ஒதவும். பிரிச்சிப் பாருங்க. அவ கை பட்டதுன்னு நான் துவைக்கல. வெளிப்பக்கம் பாருங்க, எவ்வளவு கரி, தை மாசி பங்குனி மூணு மாசத்துப் பொகையும் அதுலதான் இருக்குது. இப்ப உள்பக்கம் திருப்புங்க. எப்பிடி இருக்குது? கடையில வாங்கின வேட்டி மாதிரி இல்ல? ஒரு பொட்டு உள்ள போவ உடல சார்.

என்னா சார், மெஷினையும் உறையையும் மாத்தி மாத்திப் பாக்கறீங்க?

எந்தெந்த நாளா? பொக வந்த நாளெல்லாந்தான். பொக இல்லாத நாள்ல எதுக்கு மாட்டப்போறன். முழுசாத்தான் சார், தொப்பியோட சேத்து. கழுத்துக்கிட்ட நாடாவ இறுக்கிடுவன். தை மொத வாரம் ஒரு நாளு மட்டும் மாட்டல, அப்ப உறை தெக்கல. ஆமா. தென்னமரம் ஏறின நாளு. அந்த நாளுதான்.

ஏன் தம்பி, அந்த பேப்பர தராசுல நிறுத்துப் பாத்துத்தான் நம்பரு எழுதுவீங்களா? பொட்டியிலேருந்து வராதா? பேப்பருல எவ்வளவு கரி ஏறுதோ அதுதான் நம்பரா?

ஓகோ.

தலையத் தூக்கு தம்பி. நீ எதுக்கு அழுவுற. நீ என்னா பண்ண.

இந்தத் துணிய நிறுத்துப் பாக்க முடியாதா? அதுலதான் எல்லாம் இருக்குதே. அந்த மாசி இருவத்தாறும் அதுலதான் இருக்குது. பெரிய ஆபீசுல கொண்டுபோயிக் காட்டினா? காலி வெயிட்டு தெரியணுமா. தெக்கறதுக்கு மின்னாடி நிறுத்து வச்சிருக்கணுமா. தேதி வாரியா பிரிக்கவும் முடியாதா. சரி. நாங்க எங்க கண்டோம். சரி, அத இங்க குடு. அடுத்த ஊருக்கு வாணாம்.

இந்த நாடாவ அவ மூணு தரம் பிரிச்சிப் பிரிச்சித் தெச்சா தம்பி. இறுக்கமா இருக்கணும்னு நான்தான் சொன்னன். பள்ளிக்கூடம் போவாதவ. மெஷினப் பத்தி அவளுக்கு ஒண்ணும் தெரியாது, மூச்சப் பத்தித்தான் தெரியும். ஊசியக் கையில வச்சிக்கிட்டு என் மூஞ்சப் பாத்துக் கேட்டா. நான் சிரிச்சன்.

அவ அன்னைக்கே கேட்டா.